வணிக நீதிமன்றத்தின் நாற்காலியில் யார் உட்காருகிறார்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நூல் கொடுத்தவருக்கு 12 லட்ச ரூபாய் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, டெலிவரி சலானில் கையெழுத்து இருக்கிறது, அந்த விற்பனைக்கான ஜிஎஸ்டியைக்கூட இவர் தன் கைப்பணத்தில் கட்டிவிட்டார், பணம் மட்டும் வரவில்லை. போன் செய்தால் அடுத்த வாரம் என்கிறார்கள், அப்புறம் போனையே எடுப்பதில்லை. இவர் சாதாரண சிவில் கோர்ட்டுக்குப் போனால் அந்த வழக்குக் கட்டு பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, உயில், வாடகை எல்லாவற்றோடும் ஒரே வரிசையில் நிற்கும். காலையில் ஓர் உயில் வழக்கில் சாட்சி விசாரித்த அதே நீதிபதி மதியம் இந்த நூல் கணக்கைக் கையில் எடுப்பார். அவருக்கு கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்) என்றால் என்ன, நூலில் தரம் குறைந்தது என்று எதிர்க்கட்சி சொன்னால் அதை எதை வைத்து முடிவு செய்வது என்பதெல்லாம் வக்கீல் சொல்லித்தான் தெரிய வேண்டும். அதற்குள் வாய்தா, மறுபடியும் வாய்தா.

இந்தச் சிக்கலுக்கு உலகம் கண்டுபிடித்த விடைதான் வணிகத்துக்கென்று தனி நீதிமன்றம். இந்தியாவில் 2015 முதல் அதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. ஆனால் இந்த யோசனை ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக வளர்ந்திருக்கிறது, சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது, சில இடங்களில் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று பார்த்தால், விதிமுறைகளைவிட ஒரு விஷயம் திரும்பத் திரும்ப முன்னால் வருகிறது: தீர்ப்பு சொல்ல உட்காருகிறவருக்கு வியாபாரம் தெரியுமா, அவரை அந்த நாற்காலியில் எத்தனை காலம் விட்டுவைக்கிறார்கள்? நம் நாட்டுச் சட்டம் வழக்கு நடத்தும் முறையை மாற்றியது, இதைப் பாதியில் விட்டுவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

முதலில் பிரான்ஸ், ஏனென்றால் அவர்கள் சொன்ன பதில் மிகப் பழையது, மிகத் துணிச்சலானதும்கூட. 1563-ல், ஒன்பதாம் சார்லஸ் மன்னராகவும் மிஷேல் தெ லொப்பித்தால் சான்சலராகவும் இருந்த காலத்தில், பாரிஸ் வணிகர்கள் தங்களுக்குள்ளேயே நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. சட்டம் படித்தவர்கள் வேண்டாம், நீண்ட மனுக்கள் வேண்டாம், இரண்டு வியாபாரிகளின் சண்டையை அதே தொழிலில் பழுத்தவர் கேட்டுச் சட்டென்று முடித்துவைக்கட்டும் என்பது எண்ணம். பிரெஞ்சுப் புரட்சி பழைய ஆட்சியின் நீதிமன்றங்களைக் கலைத்தபோதும் வணிக நீதிமன்றங்களை 1790-ம் ஆண்டுச் சட்டம் காப்பாற்றி வைத்தது. இன்றைக்கும் அப்படியேதான்: 134 வணிக நீதிமன்றங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நீதிபதிகள், அத்தனை பேரும் தொழிலதிபர்கள் அல்லது கம்பெனிகளில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள், சக வணிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். சம்பளம் ஒரு காசு கிடையாது. முதல் தடவை இரண்டு ஆண்டு, அதன் பிறகு நான்கு நான்கு ஆண்டுகளாகப் பதவிக்காலம். மேல்முறையீடு என்று போனால்தான் தொழில்முறை நீதிபதிகள் வருவார்கள்.

கடன் வழக்கு மட்டுமல்ல, கம்பெனி மூழ்கும் வழக்கும் இங்கேதான் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஒரு நிறுவனத்தின் கணக்கில் ஓட்டை தெரிகிறது என்றால் வணிக நீதிமன்றத் தலைவரே அதன் இயக்குநரைக் கூப்பிட்டு, என்ன ஆயிற்று, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்கலாம். வெளியே தெரியாமல் கடன் கொடுத்தவர்களோடு பேசி முடிக்க ஒரு இடையாளை நியமிக்கலாம். திவால் ஆன பிறகு சவப்பரிசோதனை செய்வதற்குப் பதிலாக, ஆகும் முன்பே தலையிடுவது. தானும் ஒரு தொழிலை நடத்தி, சம்பளத் தேதி நெருங்கும்போது வங்கிக் கணக்கைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது அந்த இயக்குநர் உண்மையைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது, சின்ன விஷயமில்லை. சிறிய ஊரில் நீதிபதியாக இருக்கும் வணிகருக்கும் வழக்கில் வரும் வணிகருக்கும் ஏற்கெனவே பழக்கம் இருக்கும், போட்டி இருக்கும், கொடுக்கல் வாங்கல் இருக்கும். திவாலான கம்பெனியின் சொத்தை யாருக்கு விற்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் இந்தக் கைகளில் இருக்கிறது. 1998-ல் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு, பிரான்சுவா கோல்கோம்பே தலைமையில், அர்னோ மோந்த்பூர் தயாரித்த அறிக்கையோடு, இந்த நீதிமன்றங்களின் சலுகை உறவுகளையும் கண்காணிப்பின்மையையும் கடுமையாகக் கண்டித்தது. உடனே எல்லாம் மாறவில்லை; வணிக நீதிபதிகள் கொதித்தெழுந்தார்கள், சீர்திருத்த முயற்சி முடங்கியது. 2016-ம் ஆண்டுச் சட்டம்தான் கட்டாயப் பயிற்சியையும் சொந்த நலன்களை அறிவிக்கும் கடமையையும் கொண்டுவந்தது. 2025 ஜனவரி முதல் பாரிஸ், லியோன், மார்செய் உட்பட 12 ஊர்களில் இவை பொருளாதார நடவடிக்கைகள் நீதிமன்றம் என்ற புதிய பெயரில் நான்கு ஆண்டுச் சோதனையாக நடக்கின்றன. விவசாயிகளின், சங்கங்களின் நிதி நெருக்கடியும் இனி அங்கே போகும். கூடவே, பெரிய நிறுவனம் 50,000 யூரோவுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டால் தனியாக ஒரு கட்டணம், அதிகபட்சம் ஒரு லட்சம் யூரோ வரை. வசதி உள்ளவர் நீதிமன்றத்துக்கும் கொஞ்சம் கொடுக்கட்டும் என்கிறார்கள், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இங்கிலாந்தின் கதை நேர் எதிர். அங்கே வணிகர் நீதிபதியாகவில்லை, நீதிபதிக்கு வணிகம் தெரியவில்லை என்பதுதான் பிரச்சினையாக வெடித்தது. 18-ம் நூற்றாண்டில் மான்ஸ்ஃபீல்டு பிரபு என்ற நீதிபதி லண்டன் வணிகர்களை ஜூரிகளாக உட்காரவைத்து, அவர்களின் வழக்கத்தைக் கேட்டுக் கேட்டு வணிகச் சட்டத்தை வளர்த்தார். ஆனால் அது அவரோடு சேர்ந்த ஏற்பாடு. நூறு ஆண்டு கழித்து, 1891-ல், ரோஸ் எதிர் பேங்க் ஆஃப் ஆஸ்திரலேஷியா என்ற கப்பல் வழக்கு ஜே.சி. லாரன்ஸ் என்ற நீதிபதியிடம் போனது. ஆபத்தில் சிக்கிய கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைக் கப்பல்காரரும் சரக்குக்காரர்களும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்ற நுணுக்கமான கணக்கு. அவருக்கு அந்தத் துறையே தெரியாது. விசாரணை வாரக்கணக்கில் இழுத்தது, தீர்ப்பு மாதக்கணக்கில் வரவில்லை, ஒருவழியாக வந்தபோது அதில் தெளிவான காரணங்கள் இல்லை. பின்னாளில் மேல்முறையீட்டு நீதிபதியான மெக்கின்னன் இந்தக் கதையை எழுதிவைத்தபோது, வணிக நீதிமன்றம் பிறக்க ஒரே காரணம் இந்த லாரன்ஸ்தான் என்றே சொல்லிவிட்டார்.

வணிகர்கள் என்ன செய்தார்கள்? கோர்ட்டைவிட்டு விலகத் தொடங்கினார்கள். 1892-ல் லண்டனில், கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தகராறைத் தீர்க்கும் ஒரு தனி ஆர்பிட்ரேஷன் மன்றமே திறக்கப்பட்டது. நீதிபதிகளுக்கு இது உறைத்தது. ஆனாலும் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ் விடவில்லை, எந்த நீதிபதியும் எந்த வழக்கையும் விசாரிக்கத் தகுதியானவரே என்பது அவர் பிடிவாதம். அவர் 1894-ல் இறந்த பிறகுதான் வழி திறந்தது. 1895-ல் நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லாமல், நீதிபதிகளே ஓர் அறிவிப்புப் போட்டு, வணிக வழக்குகளுக்குத் தனிப் பட்டியல் ஆரம்பித்தார்கள்; முதலில் அதை நடத்தியவர் மேத்யூ என்ற நீதிபதி. அவர் செய்தது ஒன்றுதான்: வேண்டாத காகிதத்தை ஒதுக்கினார், உண்மையான சண்டை எதில் இருக்கிறது என்று இரண்டு தரப்பையும் முதல் நாளே கேட்டார், தேதி கொடுத்தால் அந்தத் தேதியில் நடத்தினார். சட்டப்படி முறையான நீதிமன்றம் என்ற அந்தஸ்து கிடைக்க 1970 வரை ஆனது. அதற்குள் 75 ஆண்டு நடந்து பெயர் வாங்கிவிட்டது.

இன்றைக்கு லண்டனின் ரோல்ஸ் பில்டிங்கில் இருக்கும் அந்த நீதிமன்றத்தில் வழக்காடுபவர்களில் பெரும்பகுதி வெளிநாட்டார். இரண்டு ரஷ்யப் பெரும்புள்ளிகள், பெரெசோவ்ஸ்கியும் அப்ரமோவிச்சும், கோடிக்கணக்கான பவுண்டுக்காக அங்கேதான் மோதிக்கொண்டார்கள், 2012-ல் நீதிபதி கிளாஸ்டர் தீர்ப்பு சொன்னார். கோவிட் ஊரடங்கில் கடை மூடியதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர வேண்டுமா என்ற கேள்வியையும் 2020-ல் இந்த நீதிமன்றம் சோதனை வழக்காக எடுத்து, மேல்முறையீடு உட்பட 2021 ஜனவரிக்குள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போய்விட்டது. ஆயிரக்கணக்கான சிறிய கடைக்காரர்களின் பாலிசி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. வேகம் என்றால் இதுதான். இங்கே உட்காருபவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து ஆண்டு வணிக வழக்குகளையே நடத்திய வக்கீல்கள். நீதிபதியான பிறகும் அதே வேலைதான் பார்க்கிறார்கள்.

ஜெர்மனி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே மாநில நீதிமன்றங்களில் வணிக வழக்குகளுக்கென்று ஓர் அமர்வு, தலைமையில் ஒரு தொழில்முறை நீதிபதி, இரண்டு பக்கமும் தொழில் வர்த்தக சபை முன்மொழிந்த இரண்டு வணிகர்கள், ஐந்தாண்டுப் பதவி, மூவருக்கும் சமமான ஓட்டு. சட்டமும் அனுபவமும் ஒரே மேசையில். கட்சிக்காரர்களில் ஒருவர் கேட்டால்தான் வழக்கு அங்கே போகும், யாரும் கேட்காவிட்டால் சாதாரண அமர்வுக்கே போய்விடும். என்னைக் கேட்டால் நம்மூருக்கு மிகவும் ஒத்துவரக்கூடிய மாதிரி இதுதான், ஆனால் இந்தியாவில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. 2025 ஏப்ரல் முதல் 5 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட வழக்குகளுக்கு உயர்நிலை நீதிமன்றங்களிலேயே புதிய வணிக நீதிமன்றங்களை ஏற்படுத்தவும், ஆங்கிலத்திலேயே நடத்தவும் ஜெர்மனி அனுமதித்திருக்கிறது.

அமெரிக்காவுக்கு வந்தால் டெலவேர். மக்கள்தொகை சுமார் 10 லட்சம், அங்கே பதிவான கம்பெனிகளோ அதைவிட அதிகம்; அமெரிக்காவின் மிகப்பெரிய 500 நிறுவனங்களில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன மாநிலத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. வரி மட்டும் காரணம் இல்லை. 1792-லிருந்து இருக்கும் சான்சரி நீதிமன்றம் என்ற ஒன்று அங்கே கம்பெனி வழக்குகளை ஜூரி இல்லாமல், ஏழே ஏழு நீதிபதிகளை வைத்து நடத்துகிறது. ஒவ்வொருவருக்கும் 12 ஆண்டுப் பதவிக்காலம். அத்தனை காலம் ஒரே துறையில் இருந்தால் ஒரு நீதிபதி எழுதும் தீர்ப்பு நாளைக்கு வரப்போகும் சண்டைக்கும் வழிகாட்டும், இயக்குநர் குழுக்கள் அதைப் படித்துத்தான் முடிவெடுக்கும். 2022-ல் ட்விட்டரை 4,400 கோடி டாலருக்கு வாங்குகிறேன் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு எலான் மஸ்க் பின்வாங்கியபோது ஜூலை 12-ம் தேதி வழக்கு வந்தது. மஸ்க் தரப்பு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றது. சான்சலர், அதாவது அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, கேத்தலீன் மெக்கார்மிக் அக்டோபரில் ஐந்து நாள் விசாரணை என்று தேதி குறித்தார். அந்தத் தேதி நெருங்கியதும் அக்டோபர் மாதக் கடைசியில் மஸ்க் பணத்தைக் கட்டி கம்பெனியை வாங்கிவிட்டார், விசாரணையே தேவைப்படவில்லை. தீர்ப்பு அல்ல, தேதி செய்த வேலை அது. தேதி தள்ளிப்போகாது என்று எதிர்க்கட்சிக்கு உறுதியாகத் தெரிந்தால் பாதி வழக்குகள் தானாகவே முடிந்துவிடும், எந்த ஊரிலும்.

அதே சான்சலர் 2024 ஜனவரியில் டெஸ்லாவில் மஸ்க்குக்குக் கொடுக்கப்பட்ட 5,000 கோடி டாலரைத் தாண்டிய ஊதியத் திட்டத்தை ரத்து செய்தார். அந்த வழக்கு பிறகு மேல்முறையீட்டுக்குப் போனது, டெஸ்லா தன் பதிவை டெக்சாஸுக்கு மாற்றிக்கொண்டது. டெக்சாஸ் 2024 செப்டம்பரில் தனக்கென்று வணிக நீதிமன்றம் திறந்திருக்கிறது. அங்கே நீதிபதிகளை நியமிப்பவர் ஆளுநர், பதவிக்காலம் இரண்டே ஆண்டு. இரண்டு ஆண்டில் மறுநியமனம் கேட்டு நிற்கப்போகும் ஒருவர், மாநிலத்துக்கு முதலீடு கொண்டுவரும் ஒரு பெரிய முதலாளிக்கு எதிராக எழுதும்போது கை நடுங்காதா என்ற கேள்வி எனக்கு உண்டு. நிறுவனங்கள் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்து ஓடும் இந்தப் போட்டியில், மாநிலங்கள் நிறுவனங்களுக்குப் பிடித்த மாதிரி வளைந்துகொடுக்கும் ஆபத்து நிஜமானது.

வெளிநாட்டு வழக்குகளைத் தம் பக்கம் இழுக்கும் போட்டி நாடுகளுக்கிடையிலும் நடக்கிறது. துபாய் தன் நிதி மையத்துக்குள் ஆங்கிலத்தில் ஆங்கிலேயப் பாணிச் சட்டத்தோடு ஒரு நீதிமன்றத்தை நடத்துகிறது, 2011 முதல் அந்த மையத்துக்கு வெளியே உள்ளவர்களும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அங்கே போகலாம். சிங்கப்பூர் 2015 ஜனவரியில் சர்வதேச வணிக நீதிமன்றத்தைத் திறந்து, பல நாட்டு நீதிபதிகளை உட்காரவைத்தது. இந்திய உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏ.கே. சிக்ரி அவர்களில் ஒருவர். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டனிலிருந்து நழுவும் வழக்குகளைப் பிடிக்க பாரிஸும் ஆம்ஸ்டர்டாமும் முயன்றன. பெல்ஜியமும் பிரஸ்ஸல்ஸில் ஆங்கில வணிக நீதிமன்றம் ஒன்றைத் திட்டமிட்டது. ஆனால் சொந்த மக்களின் நீதிமன்றங்களில் கூரை ஒழுகும்போது வெளிநாட்டுப் பணக்காரர்களுக்குத் தனி கோர்ட்டா, இது காவியர் என்ற விலை உயர்ந்த மீன்முட்டை சாப்பிடுகிறவர்களுக்கான கோர்ட் என்று அங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பி 2019-ல் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். வணிக நீதிமன்றம் வேண்டும் என்று வாதிடும் எவரும், அந்த நல்ல நீதிபதியையும் நல்ல அறையையும் யாருடைய வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் 1996-ம் ஆண்டின் 10-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் கொழும்பில் மேல் மாகாணத்துக்கு வணிக மேல் நீதிமன்றம் வந்தது, நம்மைவிடப் பல ஆண்டு முன்னால். கடன், கம்பெனி, அறிவுசார் சொத்து வழக்குகள் அங்கே போகும், மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்கு (நம் உச்ச நீதிமன்றத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). நடுவில் ஒரு படி குறைந்தது பெரிய மிச்சம். ஆனால் மற்ற மாகாணங்களுக்கு அது வரவில்லை. யாழ்ப்பாணத்து வியாபாரி யாழ்ப்பாணத்து வியாபாரி மீது வழக்குப் போட வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம்தான்.

சரி, இந்தியா.

இங்கே இந்த யோசனை சட்ட ஆணையத்தின் 2003-ம் ஆண்டு 188-வது அறிக்கையிலேயே இருக்கிறது. அப்புறம் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் 2015 ஜனவரியில் 253-வது அறிக்கையைக் கொடுத்தது, அந்த ஆண்டு அக்டோபர் 23-ம் தேதியிலிருந்து சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வழக்குகள்தான். சென்னை, மும்பை, கொல்கத்தா, டெல்லி, இமாசலப் பிரதேசம் போல உயர் நீதிமன்றமே நேரடியாக சிவில் வழக்கு விசாரிக்கும் இடங்களில் உயர் நீதிமன்றத்துக்குள் வணிகப் பிரிவு, மற்ற இடங்களில் மாவட்ட அளவில் வணிக நீதிமன்றம்.

2018-ல் ஒரு கோடி என்ற வரம்பு ஒரேயடியாக 3 லட்சமாகக் குறைந்தது. இதைச் சிறு வியாபாரிகளுக்காகச் செய்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அன்றைக்கு உலக வங்கி ஒவ்வொரு நாட்டிலும் ஒப்பந்தத்தைக் கோர்ட் மூலம் நிறைவேற்ற எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கிட்டுத் தரவரிசை போட்டுக்கொண்டிருந்தது, அந்தக் கணக்குக்கு அது எடுத்துக்கொண்ட மாதிரி வழக்கின் மதிப்பு இந்தியாவைப் பொறுத்தவரை 5,000 டாலர், அன்றைய மதிப்பில் மூன்றேகால் லட்சம் ரூபாய். அந்த மாதிரி வழக்கு வணிக நீதிமன்றத்துக்குள் வர வேண்டுமென்றால் வரம்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியாக வந்த 2020 அறிக்கையில் இந்தியாவுக்கு 1,445 நாள், 190 நாடுகளில் 163-வது இடம், அதுவும் டெல்லியையும் மும்பையையும் மட்டும் பார்த்து. அதே அறிக்கையில் சிங்கப்பூருக்கு 164 நாள், 2008-ல் வணிக நீதிமன்றம் தொடங்கிய ருவாண்டாவுக்கு 230 நாள். தரவுகளில் முறைகேடு கண்டுபிடிக்கப்பட்டு 2021 செப்டம்பரில் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

எந்தக் காரணத்துக்காகக் குறைத்திருந்தாலும், குறைத்தது நல்லது என்பதுதான் என் கட்சி. லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் பெரிய மீன்களுக்காக நடத்துகிறார்கள். இங்கே 4 லட்சம் பாக்கி உள்ள ஒரு பெயின்ட் டீலரும், கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு பட்டறைக்காரரும் அதே சட்டத்தின் பலனைக் கேட்கலாம். அவருக்கு மற்ற கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டுவிட்டன. திவால் சட்டம் வந்த புதிதில் ஒரு லட்சம் பாக்கி இருந்தாலே கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு எதிர்க்கட்சியை உட்காரவைக்க முடிந்தது. 2020 மார்ச்சில் அந்த வரம்பை ஒரு கோடி ஆக்கினார்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, அந்தப் பாக்கியை வசூலிக்க வசதி மன்றம் என்ற ஓர் அமைப்பும் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். செக் கையில் இருந்தால் செக் பவுன்ஸ் வழக்கு. இதெல்லாம் இல்லாதவருக்கு வணிக நீதிமன்றம்தான்.

சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வழக்குப் போடும்போதே எல்லா ஆவணங்களையும் உண்மை உறுதிமொழியோடு வைத்துவிட வேண்டும். எதிர்க்கட்சிக்குப் பதிலுரை போட 30 நாள், கெஞ்சிக் கேட்டால் மொத்தம் 120 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை; 2019-ல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. சாதாரண சிவில் வழக்கில் பதிலுரைக்கே இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். எதிர்க்கட்சிக்குச் சொல்லிக்கொள்ளும்படியான பதில் இல்லை என்றால் சாட்சி விசாரணையே இல்லாமல் சுருக்கத் தீர்ப்பு கேட்கலாம். முதல் நாள்காட்டிக் கூட்டத்திலேயே எந்தத் தேதியில் சாட்சி, எந்தத் தேதியில் வாதம் என்று வகுக்க வேண்டும், அதிலிருந்து ஆறு மாதத்தில் வாதம் முடிய வேண்டும், முடிந்து 90 நாளில் தீர்ப்பு. இடைக்கால உத்தரவுகளுக்கெல்லாம் மேலே ஓடி வழக்கை நிறுத்திவைக்கும் பழைய தந்திரத்துக்கும் பெருமளவு கதவு அடைத்தாயிற்று. தோற்றவர் செலவைத் தர வேண்டும் என்பதும் பொது விதியாகிவிட்டது.

எது வணிகத் தகராறு என்பதிலும் நீதிமன்றங்கள் கறாராக இருக்கின்றன. நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் இதில் வராது. தொழிலுக்குப் பயன்படுத்தலாம் என்று வாங்கிப்போட்ட நிலம்கூட வராது, உண்மையிலேயே தொழிலுக்குப் பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2019-ல் அம்பாலால் சாராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாரும் வேக வரிசையில் புகுந்தால் அது வேக வரிசையாக இருக்காது, அதனால் சரியான நிலைப்பாடு.

வழக்குக்கு முன் சமரசம் பேச வேண்டும் என்ற 12-ஏ பிரிவில்தான் எனக்கு இரண்டு மனம். அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால் முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் போய் சமரசத்துக்கு மனுப் போட வேண்டும், மூன்று மாதம் வரை பேசலாம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். இது கட்டாயம், செய்யாமல் வந்தால் வழக்கே தள்ளுபடி என்று 2022 ஆகஸ்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பணம் கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாத எதிர்க்கட்சி என்றால் தவணை பேசி முடிக்க இது நல்ல இடம், அங்கே எழுதிக்கொள்ளும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் பலமே உண்டு. ஆனால் ஏமாற்ற நினைப்பவர் நோட்டீஸ் வந்தாலும் வர மாட்டார். பேச்சு தொடங்கவே இல்லை என்று ஓர் அறிக்கை வாங்கிக்கொண்டு இவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வராதவருக்கு ஒரு சிறு தண்டனையாவது, குறைந்தது செலவுத்தொகையாவது நிச்சயம் என்றிருந்தால் நன்றாக இருக்கும்.

இவ்வளவு நல்ல விதிகள் இருந்தும் ஏன் ஓடவில்லை? விதி தானாக ஓடாது. நாள்காட்டி போடும் நீதிபதிக்கு அதைக் காப்பாற்றும் நேரம் வேண்டும். பல மாவட்டங்களில் வணிக நீதிமன்றம் என்பது ஏற்கெனவே இருக்கும் மாவட்ட நீதிபதிக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒரு பெயர்தான். அவர் மேசையில் விபத்து இழப்பீடும் சிவில் மேல்முறையீடும் செஷன்ஸ் வழக்கும் அப்படியே இருக்கின்றன. கொலை வழக்கில் சிறையில் இருப்பவரின் விசாரணையா, நூல் பாக்கியா என்று வந்தால் எதை முதலில் எடுப்பார்? எடுக்க வேண்டியதைத்தான் எடுப்பார். வணிக வழக்குகளில் அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் எத்தனை ஆண்டு அனுபவம், எப்படிப்பட்ட அனுபவம் என்று சொல்லவில்லை, நியமித்தவரை எத்தனை காலம் அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வங்கி உத்தரவாதமும் பங்குதாரர் ஒப்பந்தமும் பழகி, ஒரு கையெழுத்தைப் பார்த்தாலே இது இழுத்தடிக்கும் பதிலுரை என்று கண்டுபிடிக்கும் பக்குவம் வரும் நேரத்தில் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிடும். அடுத்து வருபவர் ஒரு வேளை அதுவரை குடும்ப நீதிமன்றத்தில் இருந்தவராக இருக்கலாம். திறமைக் குறைவு அல்ல இது, ஏற்பாட்டின் குறை.

டிகிரி (வழக்கில் வென்றவருக்குக் கிடைக்கும் நீதிமன்ற ஆணை) வாங்கியவுடன் பணம் வந்துவிடும் என்றும் நினைக்கக்கூடாது. 2015-ம் ஆண்டுச் சட்டம் வழக்கு நடத்தும் முறையை மாற்றியது, டிகிரியை நிறைவேற்றும் முறையில் கை வைக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு நிறைவேற்று மனு, எதிர்க்கட்சியின் சொத்து எங்கே என்று தேடல், அமீனா, ஆட்சேபணை, மறுபடியும் பழைய சிவில் பாதை. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2025 மார்ச்சில் அதையே வற்புறுத்தி, எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் நிலுவைக் கணக்குக் கேட்டது. நாடு முழுவதும் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்று மனுக்கள் கிடப்பதாகக் கணக்கு வந்தது. வணிக நீதிமன்றத்தின் டிகிரிகளுக்கு அதே நீதிமன்றத்தில், அதே நீதிபதி முன்னால், அதே மாதிரி நாள்காட்டி போட்டு நிறைவேற்றும் விதி வராத வரை முன்பாதியின் வேகத்தைப் பின்பாதி விழுங்கிவிடும்.

மேத்யூ 1895-ல் ஒரு சட்டமும் இல்லாமல் ஒரு பட்டியலையும் ஒரு நீதிபதியையும் வைத்து ஆரம்பித்தார் என்பதால், இதற்கெல்லாம் இன்னொரு சட்டத் திருத்தம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். சென்னை, கோவை, திருப்பூர், மதுரை போன்ற இடங்களில் வணிக வழக்குகளை மட்டும் பார்க்கும் நீதிபதிகள், அவர்களுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு மாறுதல் இல்லை என்ற உறுதி, கணக்கும் தொழிலும் தெரிந்த ஒருவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம்: இதில் பெரும்பகுதி உயர் நீதிமன்றத்தின் நிர்வாகத்துக்குள்ளேயே அடங்குகிற விஷயம். சட்டத்தின் 17-வது பிரிவு ஏற்கெனவே ஒரு கருவியையும் கையில் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு வணிக நீதிமன்றத்திலும் எத்தனை வழக்கு வந்தது, எத்தனை நிலுவை, எந்த நிலையில், எத்தனை முடிந்தது என்று மாதாமாதம் உயர் நீதிமன்ற இணையதளத்தில் போட வேண்டும் என்கிறது அது. வக்கீல் சங்கங்களும் திருப்பூர், கோவை தொழில் அமைப்புகளும் தங்கள் மாவட்டத்தின் அந்தக் கணக்கை மாதாமாதம் எடுத்துப் படித்து, எந்த நீதிபதி எத்தனை மாதம் அந்த நாற்காலியில் இருந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம். மனுவில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பழகிய நீதிபதியை மாற்றாதீர்கள்.